கடையைச் சாத்திட்டுப் போனவனோட கணக்கை யார் தீர்ப்பது?



இந்தப் பக்கத்தில் வழக்கமா கோட்டையைப் பற்றிப் பேசுவோம், டெல்லியைப் பற்றிப் பேசுவோம். இன்னைக்கு ஒரு தையல் மெஷினைப் பற்றிப் பேசணும். கொஞ்சம் நீளமான பதிவுதான். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தையல் மெஷின் ஓடிக்கிட்டு இருந்தா, கடைசிவரை படிங்க.

பெரம்பலூர் மாவட்டம், பூலாம்பாடி. பச்சைமலைப் பக்கத்துப் பேரூராட்சி. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள் நிறைந்த ஊர். அப்படிப் போகாமல், ஊரிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று நினைத்த ஒரு சகோதரி நம்ம கிளைத் தோழரிடம் சொன்னதை முதலில் கேளுங்க. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எந்தச் செயலி என்றும் நாம சொல்லப்போவதில்லை. பிரச்சினை ஒரு செயலியோடு முடிவதில்லை.

வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். ஈரோட்டுச் சந்தையிலிருந்து துணி. நைட்டி, குர்தி, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை. முகூர்த்த மாசங்களில் ஆரி வொர்க் பிளவுஸ். முதலில் தெருவுக்குள் விற்றார். அப்புறம் ஒரு ஆன்லைன் சந்தையில் சேர்ந்தார். ஓசூர், நாகர்கோவில், பெங்களூரு என்று பார்சல் போனது. நாலு வருஷம் ஓடியது. ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால் ஒரு அறிவிப்பு. சேவையை நிறுத்திக்கொள்கிறார்களாம். இதுவரை உடன் இருந்ததற்கு நன்றியாம்.

வரவேண்டிய பணம் பாக்கி. திரும்பி வந்துகொண்டிருக்கிற பார்சல்கள் எந்த கோடவுனில் கிடக்கின்றன என்று தெரியாது. கஸ்டமர் கேர் நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது.

நம்ம தோழர் பணத்தைப் பற்றித்தான் கேட்டார். அந்தச் சகோதரி சொன்ன பதில் வேற:

"பணம் வர்றப்ப வரட்டும் அண்ணே. நாலு வருஷமா எங்கிட்ட வாங்கினவங்க யாருன்னு எனக்குத் தெரியலையே. பேரும் ஊரும் லேபிள்ல வரும், ஒட்டி அனுப்பிடுவேன். ஃபோன் நம்பர் எங்கிட்ட கிடையாது. திரும்பத் திரும்ப வாங்கினவங்க இருக்காங்க. அவங்ககிட்ட, நான் இன்னும் தைச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு கடைத்தெருவில் கடை வாடகைக்கு எடுத்தால், கட்டடத்துக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் எதிர்த்த வரிசையில் இன்னொரு கடை பிடித்துப் பெயர்ப்பலகையை மாட்டிவிடலாம். நேற்று வந்த வாடிக்கையாளர் தேடி வந்துவிடுவார். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. நம்ம மாநிலத்தில் வாடகைக்கு என்றே 2017இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் செயலிக்குள் கடை போட்டவருக்கு? கடையும் அவன் கையில், கல்லாவும் அவன் கையில், வாடிக்கையாளரும் அவன் கையில். நம்ம கையில் இருப்பது ஊசியும் நூலும் மட்டும்.

"எங்கேயோ ஒரு செயலி மூடியதற்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்கிற நண்பர்களே, நடந்ததைச் சொல்கிறோம், பாருங்க.

ஷாப்பி. சிங்கப்பூரைச் சேர்ந்த 'சீ' குழுமத்தின் சந்தை. 2021 கடைசியில் இந்தியாவுக்குள் வந்தது. கமிஷன் இல்லை, வாங்க, வந்து கடை போடுங்க என்று விற்பனையாளர்களை அழைத்தது. 2022 மார்ச் 28ஆம் தேதி, உலகச் சந்தை நிலைமை சரியில்லை, இந்தியாவை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தது. 29ஆம் தேதியிலிருந்து கடை இல்லை. ஏற்கெனவே வந்த ஆர்டர்களை முடித்துத் தருகிறோம் என்றார்கள், அதையும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தச் செயலியை நம்பி முந்தின வாரம் துணி வாங்கிப் போட்டவர்? வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. வந்தது ஊருக்கே கேட்டது. போனது ஒரே ராத்திரியில்.

அதற்கு முந்தின கதை இன்னும் கசப்பு. கிளப் ஃபேக்டரி. சீன நிறுவனம். உடை, செருப்பு, அலங்காரப் பொருள்தான் அதன் பிரதான வியாபாரம். இந்திய விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் அதில் கடை போட்டிருந்தார்கள். 2020 ஜூன் மாதம் கல்வானில் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துப் பழனி உட்பட 20 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். ஜூன் 29ஆம் தேதி ஒன்றிய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் கிளப் ஃபேக்டரியும் இருந்தது. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்கு நாம இங்கே போகவில்லை. எல்லையில் ரத்தம் சிந்தும்போது அரசாங்கம் ஏதாவது செய்யத்தான் வேண்டும். நம்ம கேள்வி வேறு. தடை வந்ததும் அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? நம்ம கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லி, விற்பனையாளர்களுக்குத் தரவேண்டிய பணத்தையே நிறுத்தி வைத்தது. பொருளை அனுப்பியவர் இந்தியர். வாங்கியவர் இந்தியர். பணம் கொடுத்ததும் இந்தியர். நடுவில் மாட்டிக்கொண்ட பணத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை! தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, "அந்தச் செயலிக்குள் நம்ம ஆட்கள் பணம் எவ்வளவு இருக்கு, அதை முதலில் வெளியே எடுப்போம்" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை.

டிக்டாக்கும் அதே நாளில் போனது. அதில் வீடியோ போட்டுப் புடவை விற்றவர்கள் எத்தனை பேர்? 2022 அக்டோபர் 1ஆம் தேதி ஃபேஸ்புக் தன் லைவ் ஷாப்பிங் வசதியை நிறுத்தியது. அது வேற ஒரு கூட்டம். ஒவ்வொரு தடவையும் பெரிய நிறுவனத்துக்கு அது "வியாபார முடிவு". தைத்தவருக்கு அது வீட்டு வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், நகைக்கடன் வட்டி.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீங்க. ஜெர்மனியில் டவாண்டா என்று ஒரு ஆன்லைன் சந்தை இருந்தது. கையால் செய்த உடை, பை, நகை விற்கிற சின்னச் சின்ன ஆட்களுக்கான இடம். 2018இல் அதுவும் மூடியது. ஆனால் ஜூன் கடைசியில் சொல்லிவிட்டு ஆகஸ்ட் 30ஆம் தேதிதான் மூடினார்கள். இரண்டு மாசம் அவகாசம். கடையில் இருந்த பொருள் பட்டியலை அப்படியே இன்னொரு சந்தைக்கு மாற்றிக்கொள்ள வழியும் செய்து கொடுத்தார்கள். நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. மனுஷனை மனுஷனாக மதித்தார்கள் என்கிறோம்.

2020 ஜூலை 12ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு ஆன்லைன் சந்தை ஒரு விற்பனையாளருக்குத் தன் சேவையை மொத்தமாக நிறுத்த நினைத்தால், பொதுவாக 30 நாளுக்கு முன்பே காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். விதிமுறையை மாற்றினால் குறைந்தது 15 நாள் நோட்டீஸ்.

நம்ம நாட்டில்?

2020இல் மின்வணிக விதிகள் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. வாங்குபவரை மனதில் வைத்து எழுதியது. தேசிய மின்வணிகக் கொள்கை என்று 2019 பிப்ரவரியில் ஒரு வரைவை வெளியிட்டார்கள். அது வரைவாகவே இருந்து பழுப்பேறிப் போனது. சிறு தொழில் சட்டம் 2006இல் வந்தது. 45 நாளுக்குள் பணம் கொடுக்காத கொள்முதல்காரர் கூட்டு வட்டியோடு தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டினால் செயலிக்காரர் என்ன சொல்வார்? "நான் உங்ககிட்ட துணி வாங்கவே இல்லையே. இடம்தான் கொடுத்தேன். வாங்கினது பெங்களூருக்காரம்மா." சட்டப்படி அவர் சொல்வதும் சரி. அந்நிய முதலீடு உள்ள சந்தை நிறுவனம் தானே சரக்கு வைத்து விற்கக்கூடாது, இடைத்தரகராகத்தான் இருக்கவேண்டும் என்பது ஒன்றிய அரசே போட்ட விதி. ஆக, கமிஷன் எடுக்கும்போது அவர் வியாபாரி. பாக்கி கேட்கும்போது அவர் வெறும் இடம் கொடுத்தவர்.

இதில் இன்னொரு ஓட்டை. வணிகருக்குச் சேரவேண்டிய பணத்தைத் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்கவேண்டும் என்று பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. கேஷ் ஆன் டெலிவரிக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நம்ம ஊர்ப் பக்கம் ஆன்லைனில் துணி வாங்குகிறவர்கள் எப்படி வாங்குகிறார்கள்? பார்சல் கைக்கு வந்த பிறகு காசு. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

சரி, இனி எங்கே விற்பது? கோபப்பட்டுவிட்டுப் போய்விட்டால் அந்தச் சகோதரிக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அதனால் நம்ம தோழர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில், "இன்னொரு பெரிய செயலிக்குப் போ" என்று சும்மா சொல்லாதீங்க. போகலாம், போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்துப் போகணும். 350 ரூபாய் நைட்டியில் ஷிப்பிங், கமிஷன், விளம்பரம் போக நிற்பது எவ்வளவு? பத்துப் பார்சலில் இரண்டு திரும்பி வந்தால்? கமிஷன் இல்லை என்று சொல்லும் இடத்திலும் வேற பெயரில் பிடித்தம் உண்டா என்று படிச்சுப் பாருங்க. வீட்டுப் பெண்கள் தெரிந்தவர்களுக்கு விற்பதை நம்பி வளர்ந்த மீஷோவே பிறகு வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும் சந்தையாக மாறிவிட்டது. அது அவங்க வியாபாரம், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நடுவில் இருந்த அக்கா தங்கச்சிகள் கதி என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, ஜிஎஸ்டி. நிறையப் பேருக்கு இது தெரியாது, அதனால் அழுத்திச் சொல்கிறோம். முன்பெல்லாம் ஆன்லைன் சந்தையில் ஒரே ஒரு கைக்குட்டை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பஜாரில் கடை வைத்தவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. செயலியில் விற்றவருக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு. என்ன நியாயம் இது? 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்துதான் இது தளர்ந்தது. அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கிக்கொண்டு ஆன்லைன் சந்தையில் விற்கலாம். ஒரு நிபந்தனை, சொந்த மாநிலத்துக்குள் மட்டும். நம்ம சகோதரி நாகர்கோவிலுக்கு அனுப்பலாம். பெங்களூருக்கு அனுப்பணும் என்றால் பதிவு வேண்டும். பூலாம்பாடியில் தைத்த நைட்டி ஓசூர் வரைக்கும் போகலாமாம், அத்திப்பள்ளி தாண்டினால் அது பெரிய வியாபாரமாம்! "ஒரே நாடு ஒரே வரி" என்று மேடை போட்டுச் சொன்னவர்களைத்தான் இதைக் கேட்கணும்.

மூன்றாவது, ஓஎன்டிசி. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசின் முயற்சியில் தொடங்கப்பட்ட நிறுவனம். 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை ஓட்டம், அதில் நம்ம கோயம்புத்தூரும் ஒன்று. இது ஒரு செயலி இல்லை, பல செயலிகளை இணைக்கும் வலை. விற்பவர் ஒரு செயலி வழியாகச் சேரலாம். வாங்குபவர் வேறொரு செயலியில் இருந்து வாங்கலாம். ஒரு செயலி மூடினால் இன்னொன்றின் வழியாக அதே வலைக்குள் வரலாம். யோசனை நல்ல யோசனை. யார் கொண்டுவந்தது என்பதற்காக நல்லதைக் கெட்டது என்று சொல்கிற பழக்கம் நமக்கு இல்லை. ஆனால் வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் ஓஎன்டிசி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்க. வாங்குகிறவருக்குத் தெரியாத சந்தையில் கடை போட்டு யாரிடம் விற்பது? விளம்பரப் பலகையில் முகம் போடச் செலவு பண்ணிய காசில் கொஞ்சம் இதற்குச் செலவு பண்ணியிருக்கலாம்.

நாலாவது, அரசு சார்ந்த வழிகள். கைத்தறி நெசவாளர் என்றால் 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் வாரியங்காவல், இலையூர் பக்கம் தறி போடுகிறவர்களுக்கு அது வழி. மகளிர் குழுவில் இருந்தால் 'மதி' என்ற பெயரில் விற்கலாம். பூலாம்பாடிக்குப் பக்கத்தில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளுக்கு அரசு கண்காட்சியில் இடம் கேட்க ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆனால் கைத்தறியும் இல்லாமல், குழுவிலும் இல்லாமல், தனியாக மெஷினில் நைட்டி தைக்கிற பெண் எந்தக் கவுன்டரில் போய் நிற்பார்? ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு அட்டை இருக்கிறது. எந்த அட்டையும் இல்லாதவர்கள்தான் நம்ம ஊரில் அதிகம். இது டெல்லிக்கு மட்டும் இல்லை, கோட்டைக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

இங்கே ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிவிடுகிறோம். பெரம்பலூர் பருத்தி விளைகிற மண். வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தி நம்ம காட்டில், ஆராய்ச்சி நம்ம ஒன்றியத்தில். ஆனால் நைட்டித் துணிக்கு ஈரோட்டுக்கு ராத்திரி பஸ் ஏறணும், செயற்கை இழைக்குச் சூரத்தைப் பார்க்கணும், விற்பதற்கு பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறவனோட செயலியைக் கும்பிடணும்.

கடைசி வழி, நிறையப் பேர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம். சேலம் இளம்பிள்ளைப் புடவைகள் எத்தனையோ வீடுகளுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாகத்தானே போகின்றன. ஃபோட்டோ, விலை, ஜிபே, கூரியர். "ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் இல்லை" என்ற ஒரு வரி. இதில் ஒரு பெரிய லாபம், வாங்குபவர் நம்பர் நம்ம கையில். ஆனால் இதுவும் வாடகை வீடுதான். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டா மூன்றும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்க முடங்கியது ஞாபகம் இருக்கா? அதனால் அந்தச் சகோதரிக்கு நம்ம தோழர் சொன்ன யோசனை ரொம்பச் சின்னது. ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்க. இனிமேல் நேரடியாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் சம்மதத்தோடு, பெயர், ஊர், ஃபோன் நம்பர், அளவு எழுதி வைங்க. ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் உங்க பெயரும் நம்பரும் போட்ட ஒரு சின்ன அட்டை வைங்க. இதை எந்தச் செயலி மூடினாலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. (பெரிய செயலிகள் பார்சலில் சொந்த அட்டை வைக்கத் தடை போடலாம். அதனால் விதியைப் படித்துவிட்டு வைங்க.)

இப்போ நம்ம கோரிக்கை.

ஒரு ஆன்லைன் சந்தை மூடுவதாக இருந்தால் குறைந்தது 90 நாளுக்கு முன்பே விற்பனையாளருக்கு அவரவர் மொழியில், தமிழ்நாட்டில் தமிழில், நோட்டீஸ் கொடுக்கணும். பொருள் பட்டியல், ரேட்டிங், வாடிக்கையாளர் எழுதிய கருத்து எல்லாவற்றையும் விற்பனையாளர் இறக்கிக்கொள்ள வழி தரணும். கேஷ் ஆன் டெலிவரிப் பணம் உட்பட விற்றவர் பணம் தனிக் கணக்கில் இருக்கணும். செயலி மூடினாலும், திவாலானாலும், அரசே தடை செய்தாலும் அந்தக் கணக்கில் யாரும் கை வைக்கக்கூடாது. சிறு தொழில் சட்டத்தின் 45 நாள் கெடு செயலிக்கும் பொருந்தும் என்று ஒரே ஒரு வரி திருத்தம் போதும். மாநில எல்லை தாண்டினால் பதிவு என்ற விதி சின்ன ஆட்களுக்கு நீங்கணும். மாநில அரசைக் கேட்பது, எந்த அட்டையும் இல்லாத வீட்டுத் தையற்காரருக்கும் அரசு விற்பனைத் தளத்தில் ஒரு இடம்.

இதை மனுவாக எழுதி பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப்போகிறோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தோழர்கள், உங்க ஊரில் செயலியால் பணம் மாட்டியவர்கள் இருந்தால் ஆர்டர் விவரம், பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட், மெயில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக் கிளை நிர்வாகியிடம் கொடுங்க. பேங்க் விவரத்தைப் பொதுவில் போட்டுவிடாதீங்க.

கடைசியா, நமக்கு நாமே ஒரு கேள்வி. மாநாட்டுக்கு டீசர்ட் அடிக்கிறோம், துண்டு வாங்குகிறோம், மகளிர் அணிக்குப் புடவை எடுக்கிறோம். எங்கே எடுக்கிறோம்? ஆஃபர் வந்தால் நாமும் அதே செயலிக்குள்தானே விரலை விடுகிறோம்? தெரிந்த அக்காவிடம் வாங்கினால் மட்டும் "நம்மாளுதானே" என்று 50 ரூபாய் குறைக்கச் சொல்லிவிட்டு, காசை அடுத்த மாசம் தருகிறோம். செயலிக்காரன் பாக்கி வைத்தால் அநியாயம், நாம வைத்தால் பழக்கமா?

இந்தத் தீபாவளிக்கு வீட்டில் ஒரு உருப்படியாவது உங்க ஊரில் தைக்கிறவரிடம் வாங்குங்க. கேட்ட விலையைக் கொடுங்க, அன்னைக்கே கொடுங்க. கீழே உங்க ஊர்ப் பெயரையும் அங்கே என்ன தைக்கிறார்கள் என்பதையும் எழுதுங்க. நம்பர் வேண்டாம், கிளைத் தோழர்கள் நேரில் போய்ச் சேர்த்துவைப்பார்கள். பூலாம்பாடியில் இருந்து முதல் வரியை நாங்களே எழுதிவிட்டோம்: நைட்டி, குர்தி, குழந்தைகள் பாவாடை சட்டை, ஆரி வொர்க் பிளவுஸ்.

#விற்றவர்_பணம்_விற்றவருக்கே